பிறர் உதவியின்றி

1912 ஜனவரி 9, பாளையங்கோட்டை

ஜெர்மனியிலிருந்து புரொபசரின் கடிதம். மூன்றாம் அத்தியாயம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறார்: "இங்கே பேசுவது யார்? ஒரு பக்கத்தில் பாதிரியார், அடுத்த பக்கத்தில் கலெக்டர். தாமிரபரணிக்காரர் எங்கே?"

எங்கே என்று எனக்குத் தெரிந்தால் தேவலை. இரண்டு வருஷம் அந்தக் குளிரில் படித்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையை ஊருக்குப் போய் முடிக்கலாம், ஆங்கிலத்திலேயே எழுதலாம் என்று தயவு காட்டி அனுப்பினார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் முறையைப் பற்றி எழுதுகிறேன். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து இதை எடுத்தால் கண் சொருகுகிறது. டாக்டர் பட்டம் வந்தால் காலேஜ் உத்தியோகம் என்று எங்கள் மிஷன் வெள்ளைக்காரப் பாதிரியார், நாங்கள் ஐயர் என்று அழைப்பவர், வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காகத்தான் இந்தப் பாடு. முப்பத்தாறு வயதில் இது தேவையா?

பிப்ரவரி 3

ஸ்ரீவைகுண்டம் போய் வந்தேன். என் பெரியப்பா மகன் பிச்சைக்கண்ணு அங்கே மடை திறந்து தண்ணீர் விடுகிறவன். எங்கள் அப்பாவும் கிறிஸ்து வேதத்துக்கு வருமுன் அந்த வேலை பார்த்தவர்தான். நான் நோட்டை எடுத்தாலே அவனுக்குச் சிரிப்பு. "ஏலே எலியேசர், ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லுதேன்?" என்கிறான். தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரியும் என்று எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாதே.

பிப்ரவரி 19

ஐயர் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார். பிச்சைக்கண்ணு என்று இருந்த இடமெல்லாம் இப்போது 'ஒரு சுதேசி', பெயரில்லாத உள்ளூர் ஆள். கடைசியில் அவரே ஒரு பாராவும் சேர்த்திருக்கிறார், சர்க்கார் வந்த பிறகுதான் இந்த வாய்க்கால்களில் ஒழுங்கு வந்தது என்று. அப்படியில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எங்கள் மிஷனில் அறிக்கையோ பிரசங்கமோ, ஐயரின் மசி படாமல் எந்தக் காகிதமும் வெளியே போனதில்லை. சாப்பிடுமுன் கை கழுவுவது மாதிரிப் பழகிவிட்டது.

சுத்தப் பிரதி எடுப்பது என் மனைவி பியூலா. சுதேசி யார், பிச்சைக்கண்ணு அத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12

தலைவலி. திருத்த வேண்டிய நோட்டு அறுபது. ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏப்ரல் 2

எல்லா அத்தியாயமும் முடிந்தது என்று மூச்சு விட்டேன். இன்று சர்வகலாசாலையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. கட்டுரையின் கடைசியில் சேர்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, என் வாழ்க்கைக் குறிப்பு - பிறப்பு, தகப்பன் பெயர், தகப்பன் தொழில். மற்றது உறுதிமொழி: 'இதைப் பிறர் உதவியின்றி நானே எழுதினேன்.' கீழே கையெழுத்து.

தாளைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மறுபடி எடுத்தேன்.

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பியூலாவிடம் சொன்னேன். ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டா அது சத்தியந்தான?"

ஏப்ரல் 9

ஐயரிடம் போனேன். சிரித்தார். பாஷையைத் திருத்துவதெல்லாம் உதவியில் சேராது, கையெழுத்தைப் போடும் என்றார். அந்தப் பாராவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. நல்ல மனுஷர், என்னை ஆளாக்கியவர். எதிர்த்துப் பேச வராததற்கு அதுதான் காரணமா, வெறும் பயமா?

ஏப்ரல் 17

ஐயர் எழுதியதையெல்லாம் எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். பழைய கைப்பிரதிகளைப் பரப்பி ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்க்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்: 'இம்மடைக்காரருக்குக் காலக் கணக்கு என்பதே கிடையாது, தோன்றியபோது திறப்பார்கள், தோன்றியபோது அடைப்பார்கள்.' படித்ததும் எரிச்சல் வந்தது. ஐயருக்கு என்ன தெரியும், தன் நிழலைத் தானே காலடியால் அளந்து, நிழல் இத்தனை அடி ஆகும்வரை இன்னாருக்குத் தண்ணீர் என்று விடுகிற ஆட்களைப் பார்த்தா இப்படி எழுதினார் என்று வைதுகொண்டே முதல் பிரதியைத் தேடினேன்.

அது என் கையெழுத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் வாங்கிய தாள், என் மசி. ஐயர் அதில் ஒரு கமாவைத்தான் சேர்த்திருக்கிறார்.

எப்படி எழுதினேன்? அப்பா நிழல் அளந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஜெர்மனியில் வாசித்த புத்தகமெல்லாம் அப்படித்தான் இருந்தன, பேனா பாட்டுக்குப் போயிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. சீ.

ஏப்ரல் 28

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் கோடைக்கு வாய்க்கால் தூர் வாருகிறார்கள். பிச்சைக்கண்ணு இடுப்பளவு பள்ளத்தில் நின்றான். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்.

"இத வெள்ளக்காரன் எழுதுனானா, நீ எழுதுனியா?"

"நான்தான்."

மண்வெட்டியை ஊன்றினான். "சித்தப்பா உசுரோட இருந்து இதக் கேக்கல. அதுவரைக்கும் நல்லது," என்றான். பிறகு குனிந்து மண்ணை அள்ளினான். நான் கிளம்பியபோதும் நிமிரவில்லை.

மே 13

அனுப்பிவிட்டேன். ஐயர் சேர்த்தவையும் அந்த வாக்கியமும் இல்லை. உறுதிமொழியில் கையெழுத்துப் போடவில்லை. முழுதும் ஐயர் திருத்திய பிரதியிலிருந்து எழுதியது, எது என் பாஷை எது அவருடையது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை என்று தனியாகக் கடிதம் வைத்தேன். தகப்பன் தொழில் என்ற இடத்தில் முன்பு 'விவசாயம்' என்று எழுதியிருந்தேன். இப்போது 'மடை திறப்பவர்'.

ஜூன் 6

காலேஜ் உத்தியோகம் எங்கள் பள்ளிக்கூடத்து ஞானசிகாமணிக்கு. நான் அனுப்பியதைச் சொன்ன நாளிலிருந்து ஐயர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அலுப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25

பதில் வந்தது. சர்வகலாசாலைச் சபை ஏற்கவில்லை. உறுதிமொழி இல்லாத கட்டுரையைப் பரீட்சைக்கு எடுக்க முடியாதாம். முதலிலிருந்து எழுதினால் இரண்டு வருஷம் கழித்துக் கொடுக்கலாமாம். புரொபசர் தனியாக நாலு வரி அன்பாக எழுதியிருக்கிறார். பியூலா கடிதத்தை வாசித்துவிட்டு, அப்படியானால் புதுத் தாள் வாங்க வேண்டும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 22

ஆராதனை முடிந்து வந்தால் வீட்டில் பிச்சைக்கண்ணு. மகளுக்கு மருந்து வாங்கப் பாளையங்கோட்டை வந்தானாம். ஐந்து மாதம் கழித்து இன்றுதான் முகம் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றான். சாப்பிடவும் மாட்டேன் என்றான்.

"அந்த எடத்துல இப்ப என்ன எழுதிருக்க?"

புதிதாக எழுதியதைத் தமிழில் வாசித்தேன். நிழல், அடி, யார் முதலில், யார் பிறகு. கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் கையை நீட்டித் தாளைக் காட்டினான்.

"வானம் மப்பான நாளைக்கு நெழலு விழாதுல்லா. அன்னைக்கு என்ன செய்வோம்னு எழுதலியே?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான். அடியில் துளையிட்ட தேங்காய்ச் சிரட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது எத்தனை முறை முங்குகிறது என்று எண்ணுவதைப் பைய விளக்கினான். தென்கரையில் சிரட்டையின் துளை சிறியது, முங்க நேரமாகும், அதனால் சண்டை வரும் என்றான். இரண்டு இடத்தில் நான் எழுதியதைத் தப்பு என்றான். அடித்து எழுதினேன். பியூலா சோறு போட்டாள், சாப்பிட்டான்.

அவன் போனதும் உறுதிமொழித் தாளை எடுத்தேன். அடுத்த முறையும் இதில் கையெழுத்துப் போட வழியில்லை. 'பிறர் உதவியின்றி' என்பதை அடித்துவிட்டு, 'ஸ்ரீவைகுண்டம் பிச்சைக்கண்ணு, என் பெரியப்பா மகன், உதவியுடன்' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.