மாப்பிள்ளையோடு ஒரு கப்பல் பயணம்

டிசம்பர் 21, ஞாயிறு. கால்வெஸ்டன்.

மூடுபனி. கப்பல் கிளம்பவில்லை. எல்லோரும் மேல் தளத்தில் நின்று ஒன்றுமில்லாததைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொண்டுவந்தவை: ஆவக்காய், பருப்புப்பொடி, மிக்சர், வாந்தி மாத்திரை, இந்த நோட்டு. வை-ஃபை வாங்கவில்லை. "ஒரு வாரம் போன் இல்லேன்னா செத்தா போயிடுவோம்?" என்றார் முரளி. ஆனால் டிரிங்க்ஸ் பேக்கேஜ் மட்டும் தனக்கும் சகலைக்கும் வாங்கியாயிற்று. என் வீட்டுக்காரரின் சிக்கனம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தங்கை கயல், அவள் கணவர் பிரபு, மகள் நிலா. ஃபிரிஸ்கோவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தார்கள். ஃபிரிஸ்கோவுக்கும் நாங்கள் இருக்கும் கேட்டிக்கும் நாலு மணி நேர டிரைவ்தான். ஆனாலும் அவளைப் பார்த்து ரெண்டு வருஷம். ஒவ்வொரு லாங் வீக்எண்டும் அவர்கள் வீட்டில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். இப்போது பக்கத்துப் பக்கத்துக் கேபின், நடுவில் ஒரு கதவு. தப்பிக்க முடியாது.

நிலாவுக்கு ஒன்பது வயது. நாம் பேசும் தமிழ் அத்தனையும் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில்.

கயலைக் கட்டிப்பிடித்தேன். "ஸ்ஸ்" என்றாள். "ஜிம்ல வெயிட் தூக்கினேன்க்கா." இவளாவது, ஜிம்மாவது. தண்ணிக் குடத்தைக்கூட என் தலையில் கட்டியவள்.

பிரபு எல்லார் பெட்டியையும் தானே தூக்கினார். "அண்ணி, நீங்க உட்காருங்க." அப்பா வாய் ஓயாமல் புகழும் மாப்பிள்ளை. புகழட்டும்.

டிசம்பர் 22, திங்கள். கடல்.

அலை. மாத்திரை ரெண்டு. இட்லி இல்லை, ஆனால் தமிழர்கள் உண்டு. காலை உணவு வரிசையில் நியூ ஜெர்சி பார்சிப்பனியிலிருந்து வந்த ஒரு ஆன்ட்டி. எந்த ஊர், எந்தக் கம்பெனி, கிரீன் கார்டு வந்துவிட்டதா, எல்லாம் நான் ஆம்லெட் வாங்குவதற்குள் கேட்டு முடித்துவிட்டார். நான் உஷாராகிவிட்டேன். இந்த மாதிரி ஆன்ட்டிகளிடம் சொன்னது நியூ ஜெர்சி முழுக்கப் போகும். அவர்கள் கேபின் கயல் கேபினுக்கு நேர் எதிரே.

நீச்சல் குளத்தில் தொப்பைப் போட்டி. தடியன்கள் மேலிருந்து வயிறு அடிபட விழுவது, அதற்குக் கைதட்டல். ஒருவருக்கு வயிறு ரத்தம் கட்டிச் சிவந்துவிட்டது. பிரபு எழுந்து நின்று "இன்னொரு தடவை" என்று கத்தினார். நிலா காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் டின்னருக்கு உடுத்திக்கொண்டிருந்தேன். நடுக்கதவில் என்னவோ மோதியது. கண்ணாடி அதிர்ந்தது. பிறகு கயல் குரல், தணிவாக: "நிலா இருக்கா... நிலா இருக்கா..."

"சூட்கேஸ் விழுந்திருக்கும்," என்றார் முரளி. சூட்கேஸ் பேசுமா?

டின்னரில் கயல் பட்டுப் புடவை, முழுக்கை ரவிக்கை. எல்லா ஜோக்குக்கும் முதலில் சிரித்தவள் அவள்தான்.

டிசம்பர் 23, செவ்வாய். கடல்.

மதியம் லவுஞ்சில் தமிழ்க் கூட்டம், சைகை விளையாட்டு. கயலால் ஒரு படப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரபு அணி தோற்றது. அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். என் ஸ்பூன் கீழே விழுந்தது, குனிந்தேன். மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டு அவர் கையில். முறுக்கிப் பிடித்திருந்தார். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

லேடீஸ் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். முழுக்கையை மேலே தள்ளினேன். நீலம், பச்சை, மஞ்சள். பழசும் புதுசும்.

"கோவம் வந்தா கை நீட்டிடுவாருக்கா. அவ்ளோதான். மத்தபடி தங்கம்."

"எப்ப இருந்து?"

"அப்பாகிட்ட சொல்லிடாத. அவருக்கு பிபி."

கை நீட்டிடுவார். நம் வீடுகளில் ஆம்பிளைகள் அடிப்பதே கிடையாது. கை நீட்டுவார்கள், கை வைத்துவிடுவார்கள், கொஞ்சம் முன்கோபம், மாப்பிள்ளை முறுக்கு. 'அடி' என்கிற வார்த்தை கொசுவுக்கும் நாய்க்கும் பிள்ளைகளுக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷம், ஒரு தடவைகூட அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

டிசம்பர் 24, புதன். ரோவட்டான் தீவு.

வெயில். தண்ணீர் பச்சை. படகுக்காரர்கள் மீனைக் கரையிலேயே வகுந்துகொண்டிருந்தார்கள், குடல் மணலில்.

எல்லோரும் ஸ்நோர்க்கலிங், முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கயலுக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயசிலிருந்தே பயம். முகமூடியைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். பிரபு ஏற்கெனவே மூன்று பீர். "இரு, பயத்தைத் தெளிய வைக்கிறேன்" என்று அவள் பிடரியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினார். கூட்டம் சிரித்தது. அழுத்திய கை மேலே வரவில்லை. அவள் கால் மணலை உதைத்தது. அப்புறமும் வரவில்லை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு என் கையில் இருந்தது. ஓடிப்போய் அவன் முகத்தில் அடித்தேன். திரும்பத் திரும்ப. மூக்கில் ரத்தம். முரளி என்னைப் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு போனார், நான் முரளியையும் உதைத்தேன்.

கயல் கரையில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்க: "சகல, உங்க வீட்டம்மாவுக்கு சாமி வந்துருச்சு போல. விளையாட்டுக்குப் பண்ணேன்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவனை இல்லை.

இனி இந்த நோட்டில் அவனுக்கு 'ர்' கிடையாது.

டிசம்பர் 25, வியாழன். பெலீஸ்.

கப்பல் தூரத்தில் நிற்க, சின்னப் படகில் கரைக்கு. மாயன் கோயில் பார்க்க டிக்கெட் முன்பே வாங்கியிருந்தது. கயல், "தலை வலிக்குதுக்கா. நிலாவை நீ கூட்டிட்டுப் போ." பிரபு, "நான் பார்த்துக்கிறேன் அண்ணி." நான் போகமாட்டேன் என்றேன். கயல் என் கையைப் பிடித்து, "தயவுசெஞ்சு அவளைக் கூட்டிட்டுப் போ" என்றாள். போனேன். போயிருக்கவே கூடாது.

கற்படி, குரங்குச் சத்தம், கொசு. பந்து விளையாட்டில் தோற்றவர்களை இங்கேதான் பலி கொடுத்தார்கள் என்று கைடு நகைச்சுவையாகச் சொன்னார். ஊர் முழுக்கக் கூடிப் பார்ப்பார்களாம். நிலா கை தூக்கிக் கேட்டாள், ஆங்கிலத்தில்: "அவங்க பிள்ளைங்களும் பார்த்தாங்களா?" கைடு எங்களை அடுத்த படிக்கு ஏறச் சொன்னார்.

திரும்பி வந்தால் எங்கள் நடைபாதையில் செக்யூரிட்டி. பார்சிப்பனி ஆன்ட்டி தன் கேபின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு. "நாந்தான் போன் பண்ணேன். யாருக்கு வேணா கோவம் வரட்டும். அந்தப் பொண்ணு கத்துனது எனக்கு இன்னும் காதுல கேக்குது." ஆன்ட்டியைப் பற்றித் திங்கட்கிழமை எழுதியதை அடித்துவிட வேண்டும்.

கப்பல் ஆஸ்பத்திரி. கயலுக்கு மணிக்கட்டு முறிவு. உதடு கிழிந்திருக்கிறது. செக்யூரிட்டி அதிகாரி ஒரு பெண். முரளியும் நானும் உள்ளே போனபோது பிரபுவும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். கயல்:

"ஹி ஜஸ்ட் எக்ஸ்டெண்டட் ஹிஸ் ஹாண்ட்."

கை நீட்டிட்டார் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள். பத்து வருஷமாக ஆபீசில் ஆங்கிலத்திலேயே குப்பை கொட்டுகிறவள். அடிப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புருஷனைப் பற்றிப் பேசும்போது அவள் தமிழில்தான் நினைக்கிறாள், தமிழில் அந்த வார்த்தை அவளுக்கு இல்லை.

அதிகாரி திருப்பிக் கேட்டாள்: நீங்கள் விழும்போது உங்கள் கணவர் தாங்கிப் பிடிக்கக் கை கொடுத்தாரா? கயல் முழித்தாள். பிறகு தலையாட்டினாள். பிரபு அடக்கமாக, ஆமாம், ஆனால் பிடிக்க முடியவில்லை என்றான்.

நான் குறுக்கே விழுந்தேன். அது அப்படி இல்லை, எங்கள் பாஷையில் அதற்கு அடித்தான் என்று அர்த்தம், இவன் இவளை அடித்தான், நேற்று தண்ணீரில் அமுக்கினான். அதிகாரி கயலைப் பார்த்தாள். கயல் என்னைப் பார்த்து, "அக்கா, சும்மா இரு."

பிரபு தன் வீங்கிய மூக்கைக் காட்டினான். நேற்று கடற்கரையில் இவர்தான் என்னை அடித்தார், எல்லோரும் பார்த்தார்கள். அதிகாரி முரளியைக் கேட்டாள். முரளிக்குப் பொய் வராது.

எச்சரிக்கை எனக்கு. கிறிஸ்துமஸ் கேக் கேபினுக்கே வந்தது. கேக்கைச் சுவரில் எறிந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி. கொசுமெல் தீவு.

கரையில் சிக்னல் வந்ததும் போன் அலறியது. கோபியிலிருந்து அப்பா. மாப்பிள்ளை முந்திக்கொண்டு பேசிவிட்டிருக்கிறான்.

"மாப்பிள்ளையை அடிச்சியாமா?"

எனக்கென்றால் 'அடி' சுலபமாக வந்துவிட்டது அப்பாவுக்கு.

"அவன் கயல் கையை ஒடிச்சிருக்கான்ப்பா."

"கோவத்துல ஏதோ கை நீட்டியிருப்பாரு. நீ பெரியவ, நீ போய் நடுவுல... மன்னிப்பு கேட்டுரு சாமி. இல்லேன்னா இனி ஒட்டும் இல்ல, உறவும் இல்லேன்னுட்டாரு. கயலை உன்கூடப் பேசவே விடமாட்டாரு."

அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை கால்வெஸ்டனில் அவன் காரில் அவள் ஏறிப் போய்விட்டால் அவ்வளவுதான். அடுத்த தகவல் எனக்கு எப்படி வரும், யார் சொல்வார்கள்?

முரளியோடு சண்டை. "குடிச்சாத்தான் அப்படி. மத்த நேரம்..." என்று இழுத்தார். "அந்தக் குடிக்குப் பேக்கேஜ் வாங்கிக் கொடுத்தது யாரு?" என்றேன். சாயங்காலம் வரை பால்கனியில் தனியாக நின்றார்.

பஃபேயில் எல்லோர் முன்னாலும் போய்ச் சொன்னேன். "மன்னிச்சுக்குங்க மாப்ள." அவன் எழுந்து, "நமக்குள்ள என்ன அண்ணி" என்று என் தோளைத் தட்டினான். தட்டில் ஃபோர்க் இருந்தது. அவன் கழுத்தில் எங்கே குத்தினால் ஆழமாக இறங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உண்மையாகவே பார்த்தேன்.

டிசம்பர் 27, சனி. கடல்.

குளிர் திரும்பிவிட்டது. பெட்டி கட்டும் நாள்.

பிரபு மேலே சூதாட்ட ஹாலில். கயல் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். காலர் மடங்காமல். ஒவ்வொன்றையும் பிடுங்கிக் கீழே போட்டேன். ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்தாள்.

"நாளைக்கு எறங்கினதும் என் வண்டியில ஏறு. கேட்டிக்கு வா. ஒரு வாரம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நிலாவுக்கு அப்பா வேணும்க்கா. எங்கிட்ட எப்படி இருந்தாலும் அவளை ஒரு நாள் ஒரு விரல் தொட்டதில்ல. அது ஒண்ணு போதும் எனக்கு."

"உன்னைக் கொன்னுபோட்டான்னா?"

"அப்படியெல்லாம் பண்ணமாட்டாரு."

அவள் கன்னத்தில் அறைந்துவிடலாம் போல என் கை எழுந்தது. எழுந்ததை அவள் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பழக்கம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

நிலா படுக்கையில் காதில் ஹெட்போனோடு. அதில் பாட்டு ஓடியதா என்று தெரியாது.

டிசம்பர் 28, ஞாயிறு. கால்வெஸ்டன்.

மழை. எழுதுவது துறைமுகக் கட்டடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே ஒரு அறை, கதவு சாத்தியிருக்கிறது. முரளி காரை எடுக்கப் போகவில்லை, அந்தக் கதவோரமாகவே நிற்கிறார். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

குடியேற்ற வரிசை. முன்னால் பிரபு, கயல், நிலா. பின்னால் நாங்கள். வெளியே போனால் அவன் கார் வலது பக்கம், எங்கள் கார் இடது பக்கம். காலையில் கயல் என்னைப் பார்க்கவே இல்லை. போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி வயசானவர், வாயில் சூயிங்கம். கயல் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, சும்மா பேச்சுக்கு, என்ன ஆச்சு என்று கேட்டார். தவறி விழுந்துவிட்டேன் என்றாள் கயல், சிரித்துக்கொண்டே. பிரபுவும் சிரித்தான். சிரித்தபடி நிலா கையிலிருந்த பாஸ்போர்ட்டை வாங்கக் கையை நீட்டினான். வெறுமனே நீட்டினான், பாஸ்போர்ட்டுக்குத்தான்.

நிலா பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். முழங்கை ரெண்டும் முகத்தோடு ஒட்டி. கற்றுக்கொண்ட மாதிரி.

அதிகாரி மெல்லுவதை நிறுத்தினார்.

பிரபு அவளைத் தூக்கக் குனிந்தான். முரளி கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சகல, கிட்ட வராத."

கயல் நனைந்த தரையில் மண்டியிட்டாள்.

"உன்னையுமா?"

நிலா முழங்கைகளுக்கு நடுவிலிருந்து பார்த்தாள். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அடிப்பாரு," என்றாள்.

தமிழில். கயல் எழுந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் போய், நல்ல கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, சத்தமாக, தப்பில்லாமல் சொன்னாள்.

"ஹி ஹிட்ஸ் அஸ்."