பகல் காட்சியில் அழுத அப்பாவுக்கு

அப்பா,

இன்று டிவியில் அந்தச் சாமி படத்தைப் போட்டார்கள். சிவபெருமானின் இடது கையில் அம்மை குத்திய தழும்பு பளிச்சென்று தெரிந்தது. கைலாயமெல்லாம் பஞ்சு, பின்னால் மடிப்பு விழுந்த திரைச்சீலை. இதைப் பார்த்தா நீங்கள் அப்படித் தேம்பினீர்கள் என்று சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

நாத்திகர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்களே என்று உங்களுக்கு ஆத்திரம். அவர்களைப் பழிவாங்குவதாக நினைத்து, வலங்கைமான் கொட்டகைக்கு வந்த சாமி படம் ஒன்றையும் விடமாட்டீர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவீர்கள். "சாமி இல்லேங்கறவன் ஒரு தடவை வந்து இதைப் பாக்கட்டும்" என்பீர்கள். நல்ல பக்தி! கோயிலில்கூட நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

அன்று பகல் காட்சி. படத்தில் ராஜா ஓர் ஏழை பக்தனின் குடிசையைப் பிரித்துப் போடுகிறான். சிவபெருமானே கூலியாளாக வந்து கீற்று முடைந்து வேய்ந்து கொடுக்கிறார். நீங்கள் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினீர்கள். முன்னால் மணல் தரையில் உட்கார்ந்திருந்த நம் பண்ணையாள் மாரிமுத்துவும் அவர் மனைவி அஞ்சலையும் படத்தை விட்டுவிட்டு உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வரப்போவதாக அப்போது பேச்சு. அதற்கு முன்பே நம் இடத்திலிருந்த அவர்களுடைய குடிசையைப் பிரித்துவிட நாள் குறித்திருந்தீர்கள். அன்று சாயங்காலம் இருவரும் நம் வாசலில் வந்து நின்றார்கள்.

"கொட்டாயில ஐயா அழுததப் பாத்தேங்க. மனசு எளகியிருக்கும்னு நம்பி வந்தேன். குடிசையப் பிரிக்க வேணாங்க" என்றார் மாரிமுத்து.

"அது படம்டா" என்றீர்கள். "காலையில ஆளு வரும். சட்டி பானைய இப்பவே எடுத்துக்க."

அழுத கரகரப்பு இன்னும் உங்கள் குரலில் இருந்தது. கல்நெஞ்சர் என்று திட்டக்கூட எனக்கு வழியில்லை. இருந்த இரக்கத்தையெல்லாம் அட்டை அரண்மனைக்கு முன்னால் கொட்டிவிட்டு வந்திருந்தீர்கள். மறுநாள் காலையில் சொன்னபடி ஆள் வந்தது. அவர்கள் வாய்க்கால் கரைக்குப் போனார்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் உங்கள்மேல் உள்ள இளக்காரம் எனக்குக் குறையவில்லை. அதில் பாதி என்மேல் உள்ளது. அன்று நீங்கள் உள்ளே போனதும் அஞ்சலை என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லக்கூடாதா சின்னம்மா? நீங்களுந்தானே அழுதீங்க?" என்றார்.

எனக்குப் பத்தொன்பது வயது. நான் கதவைச் சாத்தினேன்.