தண்ணீர் குறையாத டம்ளர்

டாக்குரியா, கொல்கத்தா
பிப்ரவரி 9, ஞாயிறு

பெர்லினில் இருக்கும் மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. அங்கே பனி கொட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தாய். காதை மூடிக்கொள். எனக்கு முட்டிவலி, அது பழைய செய்தி. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

நீ கேட்ட சாமான்களை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, பித்தளைத் தட்டு. டம்ளரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அடுத்து அங்கே நடக்கப்போகும் கண்காட்சியில் படங்களுக்குப் பக்கத்தில் அசலையும் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். தட்டில் இருக்கிற கறையைத் துடைத்துவிடாதே என்று வேறு ஒரு உத்தரவு. முப்பத்தெட்டு வருஷம் அவர் சாமானைப் பத்திரமாக வைத்திருந்தவளுக்கு நீ சொல்லித் தருகிறாய், நல்லது.

போன வியாழக்கிழமை இங்கே பாலிகஞ்சில் நடக்கிற உன் கண்காட்சிக்குப் போய் வந்தேன். நீ கூப்பிடவில்லை. எதிர் ஃபிளாட் மௌஷுமி பௌதிதான் பேப்பரில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, "சொலோ கமலாதி", வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்றார்கள். உன் அப்பா படுத்திருந்த அறையின் சாமான்கள் படமாக உள்ளே இருக்கின்றன, எனக்குக் கழற்ற வேண்டும் போலத்தான் இருந்தது.

அங்கே நின்ற பெண் பொறுமையாக விளக்கினாள். ஆள் இல்லாமல் சாமான்களை மட்டும் வைத்து வரைவதற்கு ஸ்டில் லைஃப் என்று பெயராம். நீ ஒரே தட்டை, அதிலிருந்த சாமான்களோடு, ஆறு காலத்துப் பாணியில் வரைந்திருக்கிறாயாம். முதலாவது, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஹாலந்துக்காரர்கள் பாணி. சுற்றிலும் இருட்டு, டம்ளர் மட்டும் விளக்கு மாதிரி மினுங்குகிறது. அடுத்தது பிரெஞ்சுக்காரர்கள் முறையாம், கிட்டே போனால் வெறும் வண்ணத்தை அப்பி வைத்தது மாதிரி இருந்தது. மூன்றாவதில் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டிருக்கிறாய், அப்பாவின் கண்ணாடி மூன்று துண்டு. நம்ம காளிகாட் படங்கள் மாதிரி தடித்த கோட்டில் ஒன்று. அது அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் போட்டோ மாதிரியே ஒன்று, மாத்திரை அட்டையில் தேதியைக்கூடப் படிக்கலாம். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதுவும் டம்ளர்தான் என்றாள். இருக்கட்டும்.

வட்டத்தை விட்டுவிடு. மற்ற ஐந்திலும் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். மௌஷுமி பௌதி "கீ ஷுந்தோர்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆமாம், ரொம்ப அழகு என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

இதையும் கேள். போன வருஷம் தை மாதம் நீ வந்திருந்தபோது, அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் படம் வரைகிற ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டு, போனில் யாரிடமோ ஸ்டில் லைஃப், ஸ்டில் லைஃப் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என் இங்கிலீஷ் உனக்குத்தான் தெரியுமே. இன்னும் உயிர் இருக்கிறது என்று அப்பாவைப் பற்றி நண்பர்களிடம் சொல்கிறாய் என்று நினைத்தேன். பெண்ணுக்கு என்ன பாசம் என்று சமையலறையில் நின்று அழுதேன். பைத்தியக்காரி!

அன்று சாயங்காலம் நாலு மணி. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தட்டில் விழுந்தது. அப்பா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நான் டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். "அசைக்காதம்மா, வெளிச்சம் போயிடும், பத்தே நிமிஷம்" என்றாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். உன்னைத் திட்டுவது சுலபம். ஆனால் கையை இழுத்துக்கொண்டது நான். வேறு டம்ளரில் பிடித்து, வெதுவெதுப்பாக்கிக் கொண்டு வருவதற்குள் அவர் கண் மூடிவிட்டார். தூங்கறார், எழுப்பாதே என்றாய். விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போர்வையை முகம்வரை இழுத்து மூடினார். கடைசித் தண்ணீர் மகள் கையால் என்று ஆசைப்பட்டுத்தானே மனுஷன் உன்னை வரச் சொன்னார்! மறுநாள் அந்த டம்ளர் தண்ணீரைத் துளசித் தொட்டியில் ஊற்றினேன்.

ஒருவேளை உனக்கு அது ஞாபகம் இல்லையோ, வேலை மும்முரத்தில் காதில் விழவில்லையோ என்று இந்த ஒரு வருஷமும் உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். முதல் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்ததும் அதுவும் போயிற்று. டம்ளரின் பளபளப்பில் ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்குக் கீழே மஞ்சளாகச் சின்னதாக ஒன்று. தட்டில் இருந்த ஆரஞ்சின் பிரதிபலிப்பு என்றாள் அந்தப் பெண். ஆரஞ்சுக்கு வளையல் உண்டா? அது என் கை சங்கரி. நான் அன்று கட்டியிருந்த மஞ்சள் புடவை. நீட்டிய கையை அப்படியே வரைந்திருக்கிறாய், ஐந்து விரலும் சரியாக இருக்கிறது. எல்லாம் பார்த்திருக்கிறாய். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாய்.

டம்ளரை அனுப்பவே கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். அவர் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது, அடியில் கு. சின்னசாமி என்று பெயர் வெட்டியிருக்கும். என்னிடம் இருந்தால் நான் தினமும் அதைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன், அவ்வளவுதான். அதனால் அனுப்புகிறேன்.

நீ நன்றாக இரு. உன் கை நன்றாக இருக்கட்டும், சாபம் எதுவும் என் வாயில் வராது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே தண்ணீர் ஊற்றித்தான் வைப்பாய், தெரியும். பக்கத்தில் தொடாதீர்கள் என்று அட்டை வைக்காதே. வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் யாராவது தாகம் என்றால் எடுத்துக் கொடு. வெளிச்சம் போனால் போகட்டும். ஒரு தடவையாவது அந்தத் தண்ணீரை யாராவது குடிக்கட்டும்.

உன் அம்மா,
கமலம் சின்னசாமி