என் பெயரில் ஒரு வள்ளல்

மார்ச் 3

தபாலில் ஒரு நன்றிக் கடிதம். வேட்பாளரே கையெழுத்திட்டிருக்கிறார். "தங்களைப் போன்ற எளியவர்களின் நன்கொடையே என் பலம்." நான் கொடுத்ததாக உள்ள தொகை, தனிமனிதர் ஒருவர் கொடுக்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. என் ஐந்து மாதச் சம்பளம். இவ்வளவு தாராளம் எனக்குள் இருந்தது இந்த வயதுவரை தெரியாமல் போயிற்று.

மனைவி இரண்டு முறை படித்தாள். "போன மாசம் கடைவாய்ப் பல்லு கட்டக் காசில்லன்னு சொன்னீங்களே?"

மார்ச் 4

கம்பெனியில் போனஸ் வாங்கிய அன்று நாங்கள் எல்லோரும் மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டோம். மேல் தாளை மட்டும் படித்தேன். அடியில் இருந்தவை நன்கொடைப் படிவமும், 'இது என் சொந்தப் பணம்' என்ற உறுதிமொழியும் என்று இன்றுதான் தெரிந்தது. பெயிண்ட் டப்பாவின் பின்பக்க எச்சரிக்கையைக்கூட விடாமல் படிக்கிற ஸ்டோர்கீப்பர் நான்.

மேனேஜரிடம் கேட்டேன். "ஒரு ஆளு இவ்வளவுதான் குடுக்கலாம்னு சட்டம் சொல்லுது சார். முதலாளிகிட்ட ஆளுங்க நிறைய இருக்காங்க. பணம் அவருது, பேரு மட்டும் உங்களுது. உங்க பையிலேர்ந்து ஒத்தக் காசு போச்சா?"

போகவில்லை. அதுதான் சிக்கல்.

மார்ச் 9

உச்சவரம்பையே எடுத்துவிடலாமா என்று தேர்தல் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எடுக்கலாம் என்று சொல்ல எங்களில் நான்கு பேரை அனுப்புகிறார் முதலாளி. எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நன்கொடை கொடுப்பதும் ஒருவகைப் பேச்சாம். அதற்கு வரம்பு வைப்பது வாயைக் கட்டுவதாம்.

அப்படியானால் முதலாளி இதுவரை எத்தனை பேர் வாயால் பேசியிருக்கிறார்?

மார்ச் 11

உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய் உறுதிமொழிக்கு என் மேலேயே வழக்கும் வரலாம். மகளுக்கு இன்னும் ஒரு வருடம் காலேஜ் இருக்கிறது.

சும்மா இருந்துவிட்டால்? இருக்கலாம். எல்லாரும் இருக்காங்க. ஆனா நான் என்ன டப்பாவா, அவங்க ஒட்டுற லேபிளோட அலமாரியில உக்கார்றதுக்கு?

"சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "சொல்லாம வந்தீங்கன்னா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. அத யாரு பாக்கறது."

மார்ச் 12

ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், மனப்பாடத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: "நான் ஒரு நன்கொடையாளர்." மீதி என்னுடையது. "ஐந்து மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்திருக்கிறேன். எப்படிக் கொடுத்தேன் என்று ஆணையம் விசாரித்துச் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன். அதுவரை உச்சவரம்பு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்."

ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மேனேஜர் போனோடு வெளியே போனார்.

மார்ச் 13

வேலை இல்லை. காரணம்: ஒழுங்கீனம். எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

மார்ச் 27

விசாரணைக்கு வரச்சொல்லி ஆணையத்திலிருந்து எனக்கு மட்டும்தான் கடிதம். சீக்கிரமே போனேன். டோக்கன் எண் பத்தொன்பது. ஊரில் இத்தனை வள்ளல்களா என்று எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் இடமில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் நகர்ந்து உட்கார்ந்தார். "வாங்கண்ணே. எல்லாம் நம்மாளுங்கதான். கூப்பிடாமலே வந்துட்டோம்."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"அவர் பேர்லயும் குடுத்திருக்காங்களாம்."

ஏழாம் எண்ணை அழைத்தார்கள். மூலையிலிருந்து, சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டே, மேனேஜர் எழுந்து போனார்.