ஒரே ஒரு படிவம்

ஆடி 14, புதன் இரவு

இங்கிலீஷ் படிவம் நிரப்பத் தெரியாத வெட்கத்தில்தான் அன்றைக்கு, கூட வேலை செய்யும் முனுசாமியைக் கிண்டல் செய்தேன். எங்கள் ரைஸ் மில்லுக்குப் புது மிஷின் வருகிறது, வாலாஜாபாத்தில் பயிற்சி என்று முதலாளி கூப்பிட்டபோது, "இன்னாடா, நரைச்ச மண்டையோட சிலேட்டு தூக்கினு போறியா?" என்றேன். அவன் போகவில்லை. நானும் போகவில்லை.

இன்று மிஷின் வந்துவிட்டது. கற்றுக்கொள்ளாதவர்கள் நாளையிலிருந்து மூட்டை தூக்க வேண்டும். முனுசாமியால் முதுகு வலியில் குனியக்கூட முடியாது.

"நீ சிரிச்சே மாமா, நானும் சிரிச்சிக்கினு இருந்துட்டேன்" என்றான்.

முதலாளியிடம் கெஞ்சி, மிச்சமிருந்த ஒரே படிவத்தை வாங்கி வந்தேன். காலையில் கொடுத்தால் அடுத்த பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்புவாராம். அவன் பெயரை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி எழுதினேன். மை காயட்டும் என்று சிம்னி விளக்கின் மேல் பிடித்தேன். பெயர் இருந்த மூலை மட்டும் கருகிவிட்டது.