பின்வரிசையில் ஐந்தாவது பெயர்

இன்று காலை என் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் கயிற்றில் தொங்கியபடி சுவருக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். படூரில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்கு இந்த வருஷம் வெளிப்பூச்சு. நாலாவது மாடி உயரம், உட்கார ஒரு பலகை, இரண்டு கயிறு. இடுப்பில் பெல்ட் இல்லை. பிரைமர் வாடை வீட்டுக்குள் வந்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டேன். கீழே போய் அசோசியேஷன் செயலாளரிடம் கத்தினேன். கான்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறோம் என்றார். உன் விஷயத்திலும் இதையேதான் சொன்னார்கள்.

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து நீ விழுந்து இறந்தது இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில். மூன்று வருஷமாகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது குடும்பங்கள் இருக்கின்றன. மொட்டை மாடியில் துணி காய்கிறது. யார் மீதும் வழக்கு இல்லை. "கயிறு பழசு" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார், கயிற்றின் மேல்தான் குற்றம் என்பது போல. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத மாட்டேன். இங்கேயே நிறுத்துகிறேன். இன்றைக்கு உன்னிடம் பேச வேண்டியது வேறு.

செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படிக்கும்போதுதான் முட்டை மாதிரி இருக்கும் அந்த ரக்பிப் பந்தை நாம் இருவரும் முதலில் பார்த்தோம். நான் அணுபுரம் டவுன்ஷிப்பிலிருந்து வருகிறவன். அப்பாவுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கிளார்க் வேலை, எனக்குக் கால் நிறைய ஷூ. நீ மதுராந்தகத்துக்கு உள்ளே இருக்கும் காலனியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாய். முதல் மாதம் வெறுங்காலோடு ஆடினாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா டவுன்ஷிப்பு, இன்னிக்காவது பந்த கீழ போடாம புடிப்பியா?" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மாமல்லபுரம் கடற்கரையில். முடிந்ததும் எல்லோரும் ஈர மணலில் உட்கார்ந்து இந்திய அணியின் பின்வரிசையைத் தேர்ந்தெடுப்போம். முன்வரிசையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அங்கே முட்டித் தள்ள உடம்பு போதும். பந்து கைமாறிக் கைமாறி ஓடுவது பின்வரிசையில்தான், சட்டையில் ஒன்பது முதல் பதினைந்து வரை எண் போட்ட ஏழு பேர். யார் யார் என்று விரலால் மணலில் எழுதுவோம். ஒவ்வொருவனும் தன் பெயரை முதலில் எழுதுவான். கடைசியில் சட்டையைப் பிடித்துக்கொள்வோம். ஒருநாள் நீ எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டு ஒரு சட்டம் போட்டாய். "உன் பேர நீ எழுதக்கூடாது. நீ ஒயுங்கா ஆடிகினு இருந்தா அடுத்தவன் எழுதுவான்." அதன் பிறகுதான் அது விவாதமாக இருந்தது. நீ வாதாடினால் எதிராளி ஓடும்போது எந்தக் காலில் திரும்புவான் என்பது வரை சொல்வாய். நாங்கள் வேகத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருப்போம்.

என் பட்டியலில் பதிமூன்றாம் எண் எப்போதும் நீதான். தடுப்பு வரிசையில் மிகவும் கஷ்டமான இடம் அது. முன்னேறிப் பாய வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். தவறினால் பின்னால் காலி மைதானம். நான் உன்னைவிட வேகமாக ஓடுவேன், தூரமாக உதைப்பேன். ஆனால் அந்த அரை நொடி எனக்குத் தெரியாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அந்த மூன்று நாள் வந்தது. தேசிய முகாமுக்கு ஆள் எடுக்க, தென் மாநிலங்களிலிருந்து பின்வரிசைக்காரர்கள் பன்னிரண்டு பேரை மாமல்லபுரத்துக்கு அழைத்திருந்தார்கள். ஐந்து இடம். உனக்கு அது என்ன என்பதை நான் அறிவேன். முகாமுக்குப் போனவர்களுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேலை இல்லையென்றால் அப்பா இருந்தார். உனக்கு இந்த ஐந்து இடத்தில் ஒன்று, இல்லையென்றால் பெயிண்ட் டப்பா. இரண்டில் ஒன்று என்று நீயே சொல்லியிருந்தாய்.

வடக்கிலிருந்து வந்த தேர்வாளர் முன்வரிசையில் ஆடியவர். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கடைசி நாள் மாலை லாட்ஜ் கூடத்தில் எங்களை உட்காரவைத்து, பின்வரிசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரியும், பேசுங்கள் என்றார். ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அதில் பாதி நீ. நீ தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கேரளப் பையன் ஒருவனை ஓரமாக ஓடும் விங்கிலிருந்து, எல்லோருக்கும் பின்னால் நின்று தடுக்கும் ஃபுல்பேக்குக்கு மாற்ற வேண்டும் என்று வாதாடி, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தாய். பன்னிரண்டு பேரில் பதினோரு பேரைப் பற்றிப் பேசினாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. மொழிபெயர்க்கிறவன் பேசக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

பிறகு ஆளுக்கொரு சீட்டு. ஐந்து பெயர் எழுதி மடித்துக் கொடுக்கச் சொன்னார். நான்கு பெயரை வேகமாக எழுதினேன். ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நடுங்கவில்லை.

அவர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். நால்வருக்குக் குவிந்தது. ஐந்தாவது இடத்துக்கு நீயும் நானும். ஒரு சீட்டில் நம் இருவர் பெயரும் இருந்ததால், பதினோரு சீட்டு முடிந்தபோது உனக்கு ஆறு, எனக்கு ஆறு. கடைசிச் சீட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். தமிழில் இருந்தது. சென்னைப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் பள்ளியில் இந்தி எடுத்தவர்கள், தமிழ் படிக்க வராது. தேர்வாளர் சீட்டை என்னிடம் நீட்டி, நீ படி என்றார்.

உன் கையெழுத்து. ஐந்தாவதாக என் பெயர். உன் பெயர் இல்லை.

அதை மாற்றிப் படித்திருக்கலாம். அந்தக் கூடத்தில் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். உன் பெயரைச் சொல்லியிருந்தால் நீ எழுந்து நின்று மறுத்திருப்பாயா? மாட்டாய் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நீ எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். அவ்வளவு நேர்மையாக நான் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஊர் தாண்டிய பிறகு நீ கேட்டாய்.

"ஏழு சீட்டுல ஒண்ணு உன்னுது தானே?"

"ஆமாம்."

"ரூலு இன்னாச்சு?"

அது மணலில் விளையாடுகிற சட்டம், இது வேறு என்றேன். வேறு என்று எங்கே எழுதியிருந்தது என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வரும் கோபம். "சரி, உன் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் யாரை நீக்கியிருப்பாய்?" என்று கேட்டேன். நீ யோசிக்கக்கூட இல்லை.

"உன்னத்தான் தூக்கியிருப்பேன் மச்சான். நீ ஆறாவது ஆளு. இதுல யோசிக்க இன்னா கீது?"

பிறகு, அந்தப் பேச்சு முடிந்தது என்பது போல, பதிமூன்றாம் எண்ணில் நிற்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார், அவசரப்பட்டு ஏறாதே என்று செங்கல்பட்டு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய்.

முகாமுக்குப் போனேன். ஒரு சர்வதேச ஆட்டத்தில் கடைசி எட்டு நிமிடம் இறக்கினார்கள். அவசரப்பட்டு ஏறினேன். என் வெளிப்பக்கமாகப் போய்ப் புள்ளி எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்து சொன்னபோது, "ஏறுனியா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். உன் கையில் அப்போதே பெயிண்ட் இருந்தது. அந்தச் சிரிப்பில் நான் விஷத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்தவன் எழுதுவான் என்று நம்பி இருந்தாய். உன் காலனியிலிருந்து மதுராந்தகம் ஸ்டேஷன் வரை எந்த ஆபீஸிலும் யாரும் உன் பெயரை அதுவரை எழுதியதில்லை. அப்படியிருந்தும் எங்களை நம்பினாய். உன்னை வெளியே நிறுத்த ஒரு கூட்டம் தேவைப்படவில்லை. ஷூ போட்டிருந்த ஒரு நண்பன் போதுமாக இருந்தது. இந்த நாட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையெல்லாம் இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், அது என்னைத்தான் காட்டுகிறது.

ஆபீஸில் என்னை இந்தியாவுக்கு ஆடியவர் என்று அறிமுகம் செய்கிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எப்படி சார் தேர்வானீர்கள் என்று கேட்டாள். வழக்கமாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு உன் பெயரைச் சொன்னேன். ஐந்து இடம் இருந்தது, ஐந்தாவது ஆள் இவன் என்றேன். அப்போ நீங்க எத்தனாவது, என்றாள்.

நீ ஆளைத் தேர்ந்தெடுத்துத் தவறியதை நான் பார்த்ததில்லை. ஆறாவது என்று சொன்னேன்.