முகம் பார்க்க வேண்டும் என்றேன்

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையிலிருந்து கடையில் கூட்டம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று – காரைக்குடி மொத்தமும் என் ஜெராக்ஸ் கடை வாசலில்தான் நிற்கிறதோ என்று இருந்தது. இருபது வருஷமாக ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவன். போன வாரம் ஒரு பிள்ளையின் ஆதார் எண்ணில் மூன்றை எட்டு என்று அடித்து அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் அம்மா மானகிரியிலிருந்து வெயிலில் வந்து நின்றது. "கொஞ்சம் நல்லாப் பாத்து அடிங்கண்ணே." கோபப்படவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வலது கண்ணில் எல்லா எழுத்துக்கும் கீழே ஒரு நிழல் எழுத்து தொங்குகிறது. இது ஒன்றும் புதிதில்லை. இருபத்து நாலு வயதிலேயே பேர் சொல்லிவிட்டார்கள் – கெரட்டோகோனஸ். கருவிழி உருண்டையாக இல்லாமல் கூம்பாகத் தள்ளிக்கொண்டு வரும். கெட்டி லென்ஸ் போட்டு நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஓட்டிவிட்டேன். இப்போது லென்ஸும் உட்கார மாட்டேன் என்கிறது.

13 ஜூன்

லென்ஸ் இரண்டு தடவை கழன்று விழுந்தது. ஒரு தடவை சாம்பார் சாதத்தில். பரிமாறிக்கொண்டிருந்த வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

22 ஜூன், சனி

மதுரைக் கண் ஆஸ்பத்திரி. வீட்டுக்காரி தீபலட்சுமியும் கூட வந்தாள். டாக்டர் கீர்த்திக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பேசுகிறார். சொட்டு மருந்து விட்டு, ஊதா வெளிச்சம் காட்டி, கருவிழியை இறுக்குகிற சிகிச்சையைப் பற்றிக் கேட்டேன். "அது நோய் கூடாம நிறுத்தத்தான் சார். இருபது முப்பது வயசுல பண்ணிருக்கணும். இப்ப உங்களுக்கு ரொம்ப மெலிஞ்சிருச்சு." வெள்ளை விழி வரை மூடுகிற பெரிய லென்ஸ்? நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, எந்த லென்ஸும் உதவாதாம். கடைசியாகச் சொன்னார் – மாற்றுக் கருவிழி. வலது கண்ணுக்கு மட்டும்.

யாரிடமிருந்து என்று கேட்டேன். இறந்தவர்கள் தானம் கொடுப்பது. வரிசையில் பேர் பதிய வேண்டும்.

"சின்ன வயசுக்காரங்க கண்ணுதானே ஆகும்?"

"உங்களுக்கு அப்படியில்ல சார். உள்படலம் உங்களதே நல்லா இருக்கு. மேல் அடுக்கைத்தான் மாத்தப் போறோம். எழுபத்தஞ்சு வயசுக்காரங்க கண்ணும் ஆகும். கேட்ராக்ட் ஆபரேஷன் பண்ணிருந்தாக்கூட ஆகும்."

எழுபத்தைந்து. கேட்ராக்ட். அப்பாவைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. "கண்ணை எடுத்துட்டா… முகம்?" என்றேன். "முன்னாடி இருக்க மெல்லிசு படலம்தான் சார். இமையை மூடிட்டா தூங்குற மாதிரிதான் இருக்கும். யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். 

23 ஜூன், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்ல?

அப்பா இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் கண்தான முகாமிலிருந்து குருநாதன் என்பவர் கடைக்குப் படிவங்கள் நகல் எடுக்க வந்தார். கடையில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார். "கெழவன் கண்ணு யாருக்குய்யா ஆகும்?" என்று கேட்டார். ஆகும் என்றார் குருநாதன். "அப்ப நிரப்புடா முத்தரசு. நம்ம வீட்லயே ஒருத்தனுக்குக் கண்ணு சரியில்ல. எவன் வீட்டுப் பிள்ளைக்காச்சும் ஆகட்டும்." நான்தான் நிரப்பினேன். பெயர் சேவுகன், வயது எழுபத்து நாலு. நெருங்கிய உறவினர் சாட்சிக் கையெழுத்தும் நான்தான். அன்றைக்கு நிரப்பிய நாற்பது படிவங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான் நினைத்தேன்.

2022 ஆவணியில் ஒரு காலை ஆறு மணிக்கு அப்பா போய்விட்டார். தங்கை சந்திரலேகா சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகும். ஐஸ் பெட்டி சொன்னோம். எட்டு மணிக்குக் குருநாதனும் ஒரு டாக்டரும் வந்து நின்றார்கள். தீபாதான் போன் பண்ணியிருக்கிறாள். "மாமா எழுதிக் குடுத்தாகள்ல" என்றாள். வாசலில் பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர், "என்னப்பா, கண்ணைத் தோண்டியா அனுப்பப் போறே?" என்றார். எனக்கு உடம்பு கூசிப்போனது. அத்தனை பேர் முன்னால் தீபாவைக் கத்தினேன். பிறகு குருநாதனிடம் சொன்னேன்: "எந்தங்கச்சி வருது. அது முகம் பாக்காம எதுவும் செய்ய முடியாது." ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். தெரியும். அந்தப் படிவத்தில் அச்சடித்திருந்ததே. தெரிந்துதான் சொன்னேன். பன்னிரண்டு மணி வரை தெருவோரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

சாஸ்திரமா? அதெல்லாம் எனக்குக் கிடையாது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதை மறைக்க லேகா பேரை இழுத்தேன். இதுநாள் வரை லேகாவுக்கு இது தெரியாது.

2 ஜூலை

"பேரு பதிஞ்சிட்டீகளா?" என்றாள் தீபா. பதிந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

எந்த முகத்தோடு பதிவது? கொடுக்காதவன் வாங்கலாமா?

14 ஜூலை, ஞாயிறு

பேருந்து நிலையத்தில் குருநாதன். ஒதுங்கப் பார்த்தேன். ஆனால் அவரே வந்து, "கண்ணு ஏன் சார் இப்படிச் செவந்திருக்கு?" என்றார். கண் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு விரட்டிவிட்டேனே என்றேன்.

"விரட்டலையே சார். தங்கச்சி வரணும்னு சொன்னீக. அதுல என்ன தப்பு. பத்து வீட்டுக்குப் போனா ரெண்டு வீட்ல சரிம்பாங்க. பேரைப் பதிஞ்சு வைங்க. வாங்குறவங்க யோக்கியமான்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

4 செப்டம்பர், புதன்

சிங்கப்பூரில் பள்ளிக்கூட லீவு என்று லேகா பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். அப்பா தெவசமும் இந்த வாரம்தான். சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைக் கொடுக்காமல் விட்டதை அடுப்படியில் வைத்துச் சொன்னேன். தீபாவும் இருந்தாள்.

லேகா கையில் இருந்த தம்ளரைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள்.

"என்னைய ஏண்ணே இழுத்தீக?"

நான் தம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒரு போன். ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் சும்மாத்தான் உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா அப்பா ஆசைப்படியே செய்யிங்கன்னு சொல்லியிருப்பேனே. எனக்காகன்னு சொல்லி… எங்கிட்டக் கேக்காமயே!"

நீ முகம் பார்க்கணுமேன்னுதான், என்று முனகினேன். அவ்வளவு பொய்யும் இல்லை அது.

"எங்கண்ணே பாத்தேன்? பெட்டிக் கண்ணாடி பூராம் பனி படிஞ்சு கெடந்துச்சு. முந்தானையால தொடைக்கத் தொடைக்க மறுபடி மூடிக்கிருச்சு. அதுக்குள்ள நேரமாச்சுன்னு எல்லாரும் தூக்கிட்டீக. எனக்கு ஞாபகம் இருக்கறது அந்தக் கண்ணாடிதான்."

அய்யோ. அன்றைக்கு அவள் பின்னாலேயேதானே நின்றேன்! கண்ணாடி மங்கலாகத் தெரிந்ததை என் கண்ணின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

5 செப்டம்பர்

லேகா என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் மூலமாகத்தான் எல்லாம்.

8 செப்டம்பர், ஞாயிறு

திருச்சி விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் திரும்பி வந்தாள். "நாளைக்கே மதுரைக்குப் போயிப் பேரைப் பதிஞ்சிட்டு வாங்கண்ணே. தண்டனை மாதிரி கண்ணை அவிச்சுக்கிட்டு உக்காராதீக. அப்பாவுக்கு அதுவும் புடிக்காது." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

9 செப்டம்பர்

பதிந்தாயிற்று. படிவத்தைத் தீபா நிரப்பினாள். முன்பு சொன்ன பொய்யை அவளிடம் ஒத்துக்கொண்டேன். "அது அன்னைக்கே தெரியும்" என்றாள். அப்பா செத்த அன்று கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். "இப்பத்தான் தோணுச்சாக்கும்" என்றவள் எழுந்து போய்விட்டாள்.

6 டிசம்பர், வெள்ளி

காலையில் போன் வந்தது. உடனே வாருங்கள், கருவிழி கிடைத்திருக்கிறது. யாருடையது என்று சொல்ல மாட்டார்களாம். நான் இங்கே கார் பிடிக்க அலைகிற நேரம் அங்கே ஏதோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள்.

11 டிசம்பர்

வலது கண்ணில் தையல். உறுத்தல். இடது கண்ணால் எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்கிறார் டாக்டர். எனக்குச் சந்தோஷம் வர மாட்டேன் என்கிறது.

30 ஜனவரி 2025

கடை போர்டு படித்தேன், வலது கண்ணால் மட்டும். கலங்கல்தான், ஆனால் ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து. தையல் பிரிக்க இன்னும் மாசக்கணக்கு ஆகும். அப்பா இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் குருநாதன் போன். கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரியவர் ஐந்து மணிக்கு இறந்துவிட்டார், எழுதிக் கொடுத்தவர். மகன் தயங்குகிறார். "நீங்க ஒரு வார்த்தை பேசுறீகளா சார்?" பைக்கில் வந்து கூட்டிப்போனார்.

மகன் பெயர் சொக்கு, முப்பது வயது இருக்கும். பந்தலுக்கு வெளியே நின்று நான் சொன்னதைக் கேட்டார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கண்ணைக் காட்டினேன். இமையை மூடினால் தெரியாது தம்பி என்றேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எங்கக்கா மலேசியாவுலருந்து வருது. அது பாக்கணும்ல" என்றார். அந்த வார்த்தையேதான். பின்னால் இருந்த கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்கப்பாவுக்கு நீங்க குடுத்தீகளா?" என்றார்.

குருநாதன் என்னைப் பார்த்தார். பொய் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும்.

"இல்ல தம்பி" என்றேன். "எழுதிக் குடுத்திருந்தாரு. சாட்சிக் கையெழுத்தே நான்தான். எந்தங்கச்சி பேரைச் சொல்லி மறுத்துட்டேன். அதுகிட்டக் கேக்கவே இல்ல."

சொக்கு உள்ளே போய்விட்டார். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குருநாதனும் கருவிழி வாங்கிப்போகக் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மணி ஒன்பதே கால்.

சொக்கு திரும்பி வந்தபோது அவர் காதில் போன் இருந்தது. எங்களைப் பார்த்து, போகாதீர்கள் என்று கை காட்டினார்.

"அக்கா, அழுகாதக்கா. ஒண்ணு கேக்கணும்" என்றார்.